டெஸ்க்டாப் செயலியில் நொடிதோறும் மாறும் கடிகாரம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

இப்போதைய நேரத்தை ஒரு சாளரத்தில் ஒருமுறை காட்டுவதற்கு நாலைந்து வரிகள் போதும். அந்த நேரம் தானாக மாற வேண்டும், சாளரம் உறையக் கூடாது, நாள் முழுக்க ஓடினாலும் ஒரு நொடிகூட விடுபடக் கூடாது என்று எதிர்பார்க்கும்போதுதான் நிரலாக்கத்துக்குப் புதியவர்கள் திணறுகிறார்கள். நானும் இந்த இடத்தில் நெடுநேரம் திணறினேன். கிடைத்த விளக்கங்கள் பெரும்பாலும் எழுத வேண்டிய வரிகளை மட்டும் தந்தனவே தவிர, அவை ஏன் அப்படி அமைய வேண்டும் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாமல் வரிகளை மட்டும் நகலெடுத்தால், கடிகாரத்தோடு ஒரு பட்டனைச் சேர்த்தவுடனே ஏதாவது ஒன்று உடைந்துவிடும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பைத்தான் மொழியையும், அதனுடன் வரும் டிகிண்டர் என்ற வரைகலை நூலகத்தையும் அடிப்படையாக வைத்து விளக்குகிறேன். வேறு மொழியில் எழுதுபவர்களுக்கும் அடிப்படை இதுவேதான். அவர்களுக்கான குறிப்பு நான்காவது படியின் முடிவில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். நேர மண்டலங்களைக் கையாளும் ஜோன்இன்ஃபோ என்ற தொகுதி அந்தப் பதிப்பில்தான் முதன்முதலில் சேர்க்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய பதிப்புகளில் எட்டாவது படி வேலை செய்யாது. விண்டோஸ் நிறுவியில், டிகிண்டருக்கு அடித்தளமான டிசிஎல், டிகே என்று குறிப்பிட்டிருக்கும் தேர்வுப் பெட்டியை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் டிகிண்டர் வராது. உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் பைத்தான் ஏற்கெனவே இருந்தாலும் டிகிண்டரைத் தனித் தொகுப்பாக நிறுவ வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, டெர்மினலில் பைத்தானை, முன்னால் ஒரு சிறுகோடு இட்ட எம் என்ற விருப்பத்துடன் டிகிண்டரின் பெயரைக் கொடுத்து இயக்குங்கள். ஒரு சிறிய சோதனைச் சாளரம் திறந்தால் மேலே செல்லலாம்.

இதுவரை செலவு எதுவும் இல்லை. பைத்தானின் உரிமமும் டிகேயின் உரிமமும் விற்பனைக்கான செயலிகளில் பயன்படுத்துவதையும் அனுமதிக்கின்றன. டிகிண்டருக்குப் பதிலாக க்யூடி நூலகத்தை எடுப்பவர்கள் மட்டும் உரிம ஆவணத்தை முதலிலேயே படித்துவிடுவது நல்லது. க்யூடியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் தொகுப்புகளில் பைக்யூடி, செயலியை வழங்கும்போது மூல நிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் அல்லது கட்டண உரிமத்தில் கிடைக்கிறது. பைசைடு, உங்கள் மூல நிரலை வெளியிடாமல் இருக்க நிபந்தனைகளுடன் இடம்தரும் எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. மூல நிரலை வெளியிடாமல் செயலியை விற்க நினைப்பவருக்கு இந்த வேறுபாடு பின்னால் பெரிய தலைவலியாகும்.

ஃபங்ஷன் எழுதத் தெரிந்த ஒருவர் ஐந்தாவது படி வரையிலான வேலையை அரை நாளில் முடிக்கலாம். மீதிப் படிகளுக்கு இன்னொரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிறருக்கு வழங்கும் செயலி என்றால் கடைசிப் படிக்கு அதைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. உங்கள் கோப்புக்கு டிகிண்டர் என்றோ, தேதியையும் நேரத்தையும் தரும் டேட்டைம் என்றோ அந்தத் தொகுதிகளின் பெயரையே வைத்துவிட்டால், பைத்தான் உண்மையான நூலகத்துக்குப் பதிலாக உங்கள் கோப்பையே இறக்குமதி செய்யும். அப்போது வரும் பிழைச்செய்தியைப் பார்த்து இதுதான் காரணம் என்று புதியவர் ஒருவர் கண்டுபிடிப்பது கடினம்.

2. அசையாத சாளரத்தை முதலில் உருவாக்குங்கள்

கடிகாரம் ஓடுவதற்கு முன் அது நின்ற நிலையில் சரியாகத் தெரிய வேண்டும். ஒரு சாளரம், அதற்குள் உரையைக் காட்டும் ஒரு லேபிள், லேபிளில் இப்போதைய நேரம் என்ற அளவில் எழுதி இயக்கிப் பாருங்கள். லேபிளை உருவாக்கும் வரியையும், பேக் என்ற மெத்தட் மூலம் அதைச் சாளரத்தில் பொருத்தும் வரியையும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டையும் புள்ளியால் இணைத்து ஒரே வரியில் எழுதினால் லேபிள் திரையில் தெரியும். ஆனால் பேக் எதையும் திருப்பித் தராததால் உங்கள் மாறியில் லேபிளுக்குப் பதிலாக நன் என்ற வெற்று மதிப்பு உட்கார்ந்திருக்கும். பின்னர் உரையை மாற்ற முயலும்போது, நன் வகைக்கு அப்படி ஒரு பண்பு இல்லை என்ற பிழை வரும். லேபிள் கண்ணெதிரே தெரிவதால், பலரும் பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

லேபிளை ஒரே ஒருமுறை உருவாக்குங்கள். ஒவ்வொரு நொடியும் அதன் உரையை மட்டும் கான்ஃபிக் மெத்தடால் மாற்றுங்கள். நொடிக்கொரு புதிய லேபிளை உருவாக்கும் நிரலில், பழையவை அழியாமல் குவிந்துகொண்டே போகும். ஒரு மணி நேரத்தில் 3600 லேபிள்கள் நினைவகத்தில் இருக்கும்.

3. நிகழ்வுச் சுழலைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் எழுதுவதற்கு நிரல் எதுவும் இல்லை. இருந்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நிரலின் கடைசி வரியில் மெயின்லூப் என்ற மெத்தடை அழைக்கிறீர்கள். அந்தக் கணத்திலிருந்து கட்டுப்பாடு நிகழ்வுச் சுழலின் கைக்குப் போகிறது. மவுஸ் சொடுக்கு, விசை அழுத்தம், சாளரத்தை மறுபடி வரைய வேண்டும் என்ற இயங்குதளத்தின் கோரிக்கை ஆகிய எல்லாவற்றையும் அது ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்கிறது. ஒரே ஒரு ஊழியர் இருக்கும் கவுன்ட்டரைப் போன்றது அது. அந்த ஊழியரை ஒரு நொடி தூங்கச் சொன்னால், அந்த நொடியில் வரிசையில் நிற்கும் யாருக்கும் வேலை நடக்காது.

முடிவில்லாத வைல் சுழலுக்குள் நேரத்தைக் காட்டிவிட்டு ஸ்லீப் மூலம் ஒரு நொடி காத்திருக்கும் நிரல் தோல்வியடைவது இதனால்தான். அதை மெயின்லூப்புக்கு முன்னால் எழுதினால் சாளரமே திறக்காது. பட்டனுக்குரிய ஃபங்ஷனுக்குள் எழுதினால், பட்டனை அழுத்தியதும் சாளரம் உறைந்துவிடும். விண்டோஸ் ஐந்து நொடிகள் வரை பதிலை எதிர்பார்த்துவிட்டு, செயலி பதிலளிக்கவில்லை என்று தலைப்புப் பட்டையில் எழுதிவிடும். சுழலுக்குள் அப்டேட் மெத்தடை அழைத்து உறைவைத் தவிர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அறிகுறியை மட்டும் மறைக்கிறது: ஸ்லீப் இருக்கும் வரை ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு நொடி வரை தாமதம் இருக்கும், சாளரத்தை மூடும்போதும் பிழை வரும்.

தனி த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலைத்தொடர்) ஒன்றைத் தொடங்கி அதிலிருந்து லேபிளை மாற்றுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாளரத்தின் பகுதிகளை மெயின்லூப் ஓடும் த்ரெட்டிலிருந்து மட்டுமே தொட வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா வரைகலை நூலகங்களுக்கும் பொதுவான விதி. ஒரு கடிகாரத்துக்காக அந்தச் சிக்கலுக்குள் போகத் தேவையில்லை.

4. ஆஃப்டர் மூலம் அடுத்த அழைப்பைப் பதிவு செய்யுங்கள்

ஆஃப்டர் என்ற மெத்தட் இரண்டு தகவல்களை ஏற்கிறது: எத்தனை மில்லிநொடிகள் கழித்து, எந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும். அது காத்திருப்பதில்லை, கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு உடனே திரும்பிவிடும். உரிய நேரம் வந்ததும் நிகழ்வுச் சுழல் அந்த ஃபங்ஷனை ஒரே ஒருமுறை அழைக்கும்.

ஆகவே புதுப்பி என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால் அப்படியே தமிழில் வைக்கலாம். அதற்குள் மூன்று வேலைகள் இந்த வரிசையில் நடக்க வேண்டும்: இப்போதைய நேரத்தைப் பெறுவது, லேபிளின் உரையை மாற்றுவது, ஆஃப்டர் மூலம் புதுப்பியையே மறுபடி பதிவு செய்வது. பின்னர் மெயின்லூப்புக்கு முந்தைய வரியில் புதுப்பியை ஒருமுறை நேரடியாக அழையுங்கள். இந்த முதல் அழைப்பை மறந்தால் சங்கிலி தொடங்கவே தொடங்காது.

ஆஃப்டருக்குப் புதுப்பியைத் தரும்போது பெயரை மட்டும் எழுதுங்கள். அதன்பின் அடைப்புக்குறி வரக் கூடாது. அடைப்புக்குறி இருந்தால், ஒரு நொடி கழித்து அழை என்ற பொருள் போய், இப்போதே அழை என்றாகிவிடும். புதுப்பி உடனே தன்னையே அழைக்கும், அது மறுபடி தன்னை அழைக்கும். பைத்தானின் இயல்பான மீள் அழைப்பு வரம்பான 1000 கணநேரத்தில் நிரம்பி நிரல் பிழையுடன் நின்றுவிடும். மெயின்லூப்புக்கு முந்தைய அந்த முதல் அழைப்புக்கு மட்டும் அடைப்புக்குறி கட்டாயம்.

ஒரு ஃபங்ஷன் தன்னையே பதிவு செய்துகொண்டிருந்தால் நாளடைவில் நினைவகம் நிரம்பாதா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். நிரம்பாது. பதிவு செய்தவுடன் பழைய அழைப்பு முடிந்துபோகிறது. அடுத்தது நிகழ்வுச் சுழலிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

ஜாவா ஸ்விங்கில் எழுதுபவர்கள் ஸ்விங் நூலகத்துக்குரிய டைமரையும், சி ஷார்ப்பில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் பயன்படுத்துபவர்கள் ஃபார்ம்ஸ் டைமரையும், டபிள்யூபிஎஃப் பயன்படுத்துபவர்கள் டிஸ்பாட்சர் டைமரையும், க்யூடியில் எழுதுபவர்கள் க்யூடைமரையும் எடுக்க வேண்டும். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் டைமர் என்ற பெயரிலேயே வேறு வகுப்புகளும் உண்டு. அவை வேறு த்ரெட்டில் ஓடுபவை. இறக்குமதி வரியில் தவறானது வந்துவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

5. நொடிகளை எண்ணாதீர்கள், கணினியிடம் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதானால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது பார்க்க வேண்டும் என்று நினைவூட்டுவது மட்டுமே டைமரின் வேலை. என்ன நேரம் என்பதைக் கணினியின் கடிகாரத்திடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை நேரத்தை எடுத்துக்கொண்டு, டைமர் அழைக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும் நிரல், சில நிமிடங்களிலேயே உண்மையான நேரத்தைவிடப் பின்தங்கத் தொடங்கும். மடிக்கணினியை மூடிவைத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தியிருக்கும்.

கணினியிடமே கேட்டாலும் இன்னொரு நுட்பமான சிக்கல் எஞ்சுகிறது. ஆஃப்டருக்கு 1000 மில்லிநொடி என்று கொடுத்தால், அழைப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் சரியாக 1000 ஆக இருப்பதில்லை. லேபிளை மாற்றும் நேரமும், இயங்குதளத்தின் சிறு தாமதமும் சேர்ந்து அது 1003 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மில்லிநொடிகள் தள்ளிப்போகும். ஏறத்தாழ 333 சுற்றுகளில், அதாவது ஐந்தரை நிமிடத்தில், அந்தத் தாமதம் ஒரு முழு நொடியாகத் திரண்டுவிடும். திரையில் 41 என்ற நொடிக்கு அடுத்து 42 வராமல் நேராக 43 வரும். நேரம் தவறவில்லை, ஆனால் ஒரு நொடி காட்டப்படாமலே போயிற்று. உற்றுப் பார்ப்பவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்குத் தீர்வு, அடுத்த நொடி தொடங்க எவ்வளவு மீதியிருக்கிறது என்று கணக்கிட்டு அவ்வளவு மட்டும் காத்திருப்பது. டேட்டைம் தரும் நேரத்தில் மைக்ரோநொடிப் பகுதியும் இருக்கிறது. அதை 1000 ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்து, 1000 இலிருந்து கழியுங்கள். இப்போது 10 மணி 15 நிமிடம் 42 நொடி, அதன்மேல் 380 மில்லிநொடி என்றால், 620 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் விடை ஒருபோதும் சுழியாகாது, எப்போதும் 1 முதல் 1000 வரை இருக்கும். ஒரு சுற்றில் தாமதம் ஏற்பட்டாலும் அடுத்த சுற்று அதைச் சரிசெய்துவிடும், தாமதங்கள் சேர்வதில்லை. கழித்தலைச் செய்யும் வரிக்குச் சற்று முன் நேரத்தைப் புதிதாக ஒருமுறை கேட்டுக்கொண்டால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நொடி விடுபடாதுதான். ஆனால் நொடிக்கு நூறு முறை செயலியை எழுப்பி, அதில் 99 முறை அதே உரையை எழுதுவது மின்கலத்தை வீணாகத் தின்னும்.

6. வடிவமைப்பு: தேதி, பன்னிரண்டு மணி முறை, எழுத்துரு

தேதியையும் நேரத்தையும் காட்டுவதாக இருந்தால், இப்போதைய நேரத்தை ஒரே ஒருமுறை கேட்டு மாறியில் வைத்துக்கொண்டு, இரண்டு லேபிள்களையும் அதிலிருந்தே நிரப்புங்கள். தனித்தனியாகக் கேட்டால், நள்ளிரவின் விளிம்பில் பழைய தேதியும் புதிய நேரமும் ஒன்றாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தேதி லேபிளைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் நிரப்பிவிட்டு மறந்துவிடுவது இதைவிடப் பரவலான குறை. அப்படிப்பட்ட செயலியைச் சோதிக்கும்போது எதுவும் தெரியாது. மறுநாள் காலையில்தான் நேற்றைய தேதி கண்ணில் படும்.

பன்னிரண்டு மணி முறைக்கு மணியை 12 ஆல் வகுத்து மீதியை எடுங்கள். மீதி சுழியானால் 12 என்று காட்டுங்கள். முற்பகல், பிற்பகல் என்பதற்கு நூலகம் தரும் குறியை நம்ப வேண்டாம். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து அது மாறும். சில மொழி அமைப்புகளில் வெறுமையாகவே வரும். கிழமைகளைத் தமிழில் காட்ட, ஏழு பெயர்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பைத்தானின் வீக்டே மெத்தட் திங்களைச் சுழியாகக் கொள்கிறது என்பதால் பட்டியல் திங்களில் தொடங்க வேண்டும்.

சில எழுத்துருக்களில் 1 என்ற இலக்கம் மற்றவற்றைவிட ஒடுங்கியிருக்கும். நடுவில் பொருத்தப்பட்ட கடிகாரத்தில் அது ஒவ்வொரு நொடியும் உரையை இடமும் வலமுமாக அசைக்கும். கண்ணுக்கு மிகவும் தொந்தரவாக இருக்கும். எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் உள்ள கன்சோலாஸ், டெஜாவு சான்ஸ் மோனோ போன்ற எழுத்துருவை எடுங்கள். நீங்கள் கேட்கும் எழுத்துரு கணினியில் இல்லையென்றால் டிகிண்டர் பிழை காட்டாமல் வேறொன்றை எடுத்துக்கொள்ளும் என்பதால், வேறு கணினிகளிலும் திறந்து பாருங்கள்.

7. நிறுத்துவதும் மூடுவதும்

ஆஃப்டர் ஓர் அடையாளத்தைத் திருப்பித் தருகிறது. அதை ஒரு மாறியில் சேமித்து வையுங்கள். நிறுத்து பட்டனை அழுத்தும்போது ஆஃப்டர் கேன்சல் மெத்தடுக்கு அந்த அடையாளத்தைக் கொடுத்தால் காத்திருக்கும் அழைப்பு ரத்தாகும். தொடங்கு பட்டன் இருந்தால், புதிய சங்கிலியைத் தொடங்கும் முன் பழையதை ரத்துசெய்வது மிக முக்கியம். இல்லையென்றால், பயனர் அந்தப் பட்டனை மூன்று முறை அழுத்தினால் கூடுதலாக மூன்று சங்கிலிகள் இணையாக ஓடும், நிறுத்து பட்டனோ கடைசியாகச் சேமித்த ஒன்றை மட்டும் நிறுத்தும்.

கடிகாரம் துணைச் சாளரம் ஒன்றில் இருந்து, பயனர் அதை மட்டும் மூடினால், அடுத்த நொடியில் புதுப்பி இல்லாத லேபிளைத் தொட முயலும். செல்லாத கட்டளைப் பெயர் என்ற பொருளில் டெர்மினலில் ஒரு பிழை வரும். சாளரம் மூடப்படும் நிகழ்வைப் புரோட்டோகால் மெத்தடால் பிடித்து, முதலில் அழைப்பை ரத்துசெய்து, அதன்பின் சாளரத்தை அழியுங்கள்.

கோப்பு நகலெடுப்பது போன்ற நீண்ட வேலை ஏதாவது அதே செயலியில் நடந்தால், அது முடியும்வரை கடிகாரம் நின்றுவிட்டுப் பிறகு சரியான நேரத்துக்குத் தாவும். குறை கடிகாரத்தில் இல்லை. அந்த வேலையைத்தான் தனி த்ரெட்டுக்கு மாற்றி, அதன் விளைவை, த்ரெட்களுக்கு இடையே தகவலை வரிசையாகக் கடத்தும் ஒரு க்யூ வழியாக மெயின்லூப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

8. வேறு நாடுகளின் நேரம்

நேர மண்டலங்களைக் கையால் கூட்டிக் கழிக்காதீர்கள். எல்லா மண்டலங்களும் முழு மணிகளில் வேறுபடுவதில்லை. நேபாளம் ஒருங்கிணைந்த உலக நேரத்தைவிட 5 மணி 45 நிமிடம் முந்தியது. கோடைகால நேரம் கடைப்பிடிக்கும் நாடுகளில் வேறுபாடு ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். ஜோன்இன்ஃபோவுக்கு மண்டலத்தின் முறையான பெயரைக் கொடுத்தால் இவை அனைத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் மண்டலத் தரவுகள் அந்த வடிவத்தில் இல்லாததால், டிஇசட்டேட்டா என்ற தொகுப்பை, பைத்தானின் தொகுப்பு நிறுவியான பிப் மூலம் நிறுவ வேண்டும். லினக்ஸில் ஓடிய நிரல் விண்டோஸில் மண்டலம் கிடைக்கவில்லை என்று நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நிறுத்துக்கடிகாரம் செய்பவர்கள் கழிந்த நேரத்தை அளக்க டேட்டைமைப் பயன்படுத்தக் கூடாது. இணையத்தின் வழி கணினியின் நேரம் திருத்தப்பட்டால் விடை தவறும், எதிர்மறையாகக்கூட வரலாம். பின்னோக்கிச் செல்லாத மானோடானிக் கடிகாரம் டைம் தொகுதியில் இருக்கிறது. அதன் இரு அளவீடுகளின் வேறுபாட்டை எடுங்கள்.

9. முட்கள் வேண்டுமென்றால்

டிகிண்டரில் படம் வரைவதற்கான கேன்வாஸில் மூன்று கோடுகள் போதும். நொடிமுள் நொடிக்கு 6 பாகை நகரும். நிமிடமுள் நிமிடத்துக்கு 6 பாகையுடன் நொடிக்கு 0.1 பாகையும், மணிமுள் மணிக்கு 30 பாகையுடன் நிமிடத்துக்கு 0.5 பாகையும் நகரும். இந்தச் சிறு கூட்டல்களை விட்டுவிட்டால், மூன்றரை மணிக்கும் மணிமுள் 3 இலேயே நிற்கும். முள்ளின் நுனிக்குக் கிடைமட்டத்தில் மையத்துடன் சைனைக் கூட்டவும், செங்குத்தில் மையத்திலிருந்து கொசைனைக் கழிக்கவும் வேண்டும். திரையில் செங்குத்து அளவு கீழ்நோக்கி வளர்வதால்தான் கழித்தல். பாகையை ரேடியனாக மாற்றாமல் கொடுத்தால் முட்கள் தாறுமாறாகத் தாவும். கோடுகளை அழித்து மறுபடி வரையாமல், கோஆர்ட்ஸ் மெத்தடால் நகர்த்துங்கள்.

10. சோதித்து வழங்குதல்

நள்ளிரவைச் சோதிக்கக் கணினியின் நேரத்தை மாற்றாதீர்கள். நேரம் வெகுவாக மாறினால் பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். அதற்குப் பதிலாக நேரத்தைத் தரும் வேலையை ஒரு சிறிய ஃபங்ஷனில் வைத்து, சோதனையின்போது மட்டும் அது நள்ளிரவுக்குப் பத்து நொடி முந்தைய நேரத்திலிருந்து ஓடும்படி செய்யுங்கள். நண்பகல், நள்ளிரவு, மாத முடிவு, பிப்ரவரி 29 ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள்.

பைத்தான் இல்லாத கணினிகளுக்குத் தர, பைஇன்ஸ்டாலர் மூலம் இயங்கு கோப்பு உருவாக்கலாம். எந்த இயங்குதளத்தில் உருவாக்குகிறீர்களோ அதில் மட்டுமே அது ஓடும். ஒற்றைக் கோப்பாக உருவாக்கினால், ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் விரிந்த பிறகே தொடங்கும் என்பதால் திறக்கச் சற்றுத் தாமதமாகும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைத் தவறாகச் சந்தேகிப்பதும் உண்டு. கோப்புறை வடிவமே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

பணமும் ஆவணமும் தேவைப்படும் இடம் இதுதான். கையொப்பமிடாத செயலியைத் திறக்கும்போது விண்டோஸும் மேக்கும் பயனரை எச்சரிக்கும். அதைத் தவிர்க்க, விண்டோஸுக்குக் கையொப்பச் சான்றிதழும், மேக்குக்கு ஆப்பிளின் ஆண்டுக் கட்டண உறுப்பினர் சேர்க்கையும் வேண்டும். சான்றிதழ் தருபவர்கள் தனிநபரிடம் அரசு அடையாள ஆவணத்தையும், நிறுவனத்திடம் பதிவு ஆவணங்களையும் கேட்பார்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயர் ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். 2023 ஜூன் முதல், கையொப்பமிடப் பயன்படும் ரகசியத் திறவுகோலைப் பாதுகாப்பான வன்பொருளில் மட்டுமே வைக்கலாம் என்ற விதி நடைமுறையில் இருப்பதால், சாதனம் அஞ்சலில் வந்து சேரும் நாள்களையும் கணக்கில் சேருங்கள். வெளியீட்டு நாளுக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கோ நண்பர்கள் சிலருக்கோ மட்டும் என்றால் இந்தச் செலவு தேவையே இல்லை.

டிஜிட்டல் கடிகார இலக்கங்களைப் போன்ற எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கிச் செயலியுடன் சேர்த்திருந்தால், அதனுடன் வரும் உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள். அவற்றில் பல தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். செயலியுடன் சேர்த்து வழங்கவும் விற்கவும் அனுமதிக்கும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் கொண்ட ஒன்றைத் தேர்ந்து, அந்த உரிமக் கோப்பையும் இயங்கு கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே வைத்து அனுப்புங்கள்.